இருபத்தேழாம் எண் மீன்

போன சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் ஆறாவது நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் இரண்டு மொழிகளில் அறிவிக்கிறார்கள். ஆனாலும் நான் விரல் மடக்கி எண்ணிக்கொண்டுதான் வருவேன். அறிவிப்பு தவறிவிட்டால் என்ன செய்வது?

மனைவி சின்ன வெங்காயம், அப்பளம், முருங்கைக்காய் என்று தன் பட்டியலோடு கடைக்குள் போனாள். உள்ளே கூட்டம். கூட்டத்தில் என் கண்ணாடி விழுந்து உடையலாம் என்பதால் வெளியே நின்றேன். நின்ற கால் தானாக மீன்கடைச் சந்துக்குப் போய்விட்டது. நாங்கள் சைவம். எனக்கு அந்தச் சந்தில் ஒரு வேலையும் கிடையாது.

நீலநிறப் பிளாஸ்டிக் தொட்டியில் உயிர் மீன்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மூக்கை வெளியே நீட்டி ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு உள்ளே போயின. எண்ணினேன். பதினேழு. மறுபடி எண்ணினேன். பத்தொன்பது. ஆடிக்கொண்டே இருக்கிறவற்றை எண்ணுவது எப்போதுமே தொல்லை.

"அங்க்கிள், ஸௌல் சாஹியே? ஏக்தம் ஜிந்தா" என்றார் கடைக்காரர். ஸௌல் என்றால் விரால். வேண்டுமா, உயிரோடு இருக்கிறது என்கிறார்.

"இதுல மூணு விரால் இல்ல, அண்ணே" என்று என் இந்தியில் சொன்னேன். "அந்தப் புள்ளிக்காரன், அதோ அது, அப்புறம் மூலையில ஒண்ணு. மூணும் குரவை."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என் நெற்றியிலிருந்த திருநீற்றைப் பார்த்தார். "ஆப் மச்லி காதே ஹைன்?"

மீன் தின்பதில்லை என்று தலையாட்டினேன். அவர் என்னை ஏதோ துறையிலிருந்து சோதனைக்கு வந்தவன் என்று நினைத்திருக்க வேண்டும். அந்த மூன்றையும் பிடித்து வேறு தொட்டியில் போட்டார். பின்னாலிருந்து மனைவியின் குரல். "அங்க என்னத்த எண்ணிக்கிட்டு நிக்கிய? மேல தண்ணி தெறிக்கி. ஜல்தி வாங்க."

அந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். என் மனைவி இதை முப்பது தடவைக்கு மேல் கேட்டுவிட்டாள். உங்களுக்கு முதல் தடவை.

மீன் வாசனை மற்றவர்களுக்குக் குழம்பை நினைவூட்டும். எனக்கு நினைவூட்டுவது அசெட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் அண்ணனை. இருபத்தாறு வயதில் தில்லியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. நன்னீர் மீன்களின் குரோமோசோம்களை எண்ணும் வேலை. ஒவ்வோர் உயிருக்கும் அதன் செல்லுக்குள் இத்தனை குரோமோசோம் என்று ஒரு கணக்கு உண்டு. மனிதனுக்கு நாற்பத்தாறு. குரவை மீனுக்கு முப்பத்திரண்டு. படிக்கட்டு, தூண், பேருந்து ஜன்னல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணிக்கொண்டு திரிந்த ஒருவனுக்கு, எண்ணினால் சம்பளம் என்று ஒரு வேலை கிடைத்தால் எப்படி இருக்கும்? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள், "இதுக்கா எம்.எஸ்ஸி. படிச்சே?" என்று கேட்டாள்.

வேலை கேட்பதற்கு எளிது. மீனுக்கு ஊசியில் கொல்சிசின் என்ற மருந்தைப் போட வேண்டும். செல்கள் பிரிகிற நேரத்தில் அந்த மருந்து அவற்றை அப்படியே நிறுத்திவிடும். அது காந்தள் கிழங்கில் இருக்கிற சரக்கு என்று தெரிந்த நாளில் எனக்கு ஒரே பெருமை. நாங்கள் குடியிருந்த மோதி பாக்கில், தமிழ்ப் பள்ளியில், பெண்களின் விரலுக்கு உவமையாகப் படித்த காந்தள், இங்கே மீனுக்கு ஊசியாக வந்து நிற்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து, மீனின் தலைக்குப் பக்கத்திலுள்ள சிறுநீரகத்தை எடுத்து, உப்புக்கரைசலில் செல்களை ஊற வைத்து, அமிலம் கலந்த திரவத்தில் போட்டு மூடிவிட்டால் நாள்கணக்கில் கெடாது. பிறகு அதில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விட வேண்டும். உயரத்திலிருந்து விட்டால்தான் செல் உடைந்து குரோமோசோம்கள் தனித்தனியாகப் பரவும். ஆகவே நான் ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்று, தரையில் வைத்த தகட்டைக் குறி பார்த்துச் சொட்டு விடுவேன். தலைக்கு மேலே மின்விசிறி. நூற்றுக்கணக்கான தடவை ஏறியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் விசிறியை நிறுத்தியாயிற்றா என்று இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்களுக்குச் சனி. தில்லியின் வறண்ட காற்றில் சொட்டு பரவுவதற்கு முன்பே காய்ந்துவிடும். குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எண்ண முடியாது. அதற்கு மருந்து, ஜன்னலில் இருந்த பழைய தகரக் கூலர். அதன் மூன்று பக்கத்திலும் வெட்டிவேர்த் தட்டி. தண்ணீர் ஊற்றி ஓட விட்டால் அறை முழுக்க ஈரமும் வாசனையுமாக ஆகிவிடும். சொட்டு நிதானமாகப் பரவும். கூலரில் காலையில் எட்டு வாளி, மதியம் ஆறு வாளி. ஊற்றியது நான்தான் என்பதால் கணக்கு தெரியும்.

முக்காலிக்குக் கீழே தரையில் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்து எடுத்தவர் பிலோமினா அக்கா. தூத்துக்குடிக்காரர். என்னைவிட மூன்று வயது மூத்தவர், நிரந்தரப் பணியில் இருந்தவர். நான் தில்லியிலேயே பிறந்தவன் என்றாலும் வீட்டில் பேச்சு திருநெல்வேலிப் பேச்சு. சேர்ந்த முதல் நாள் நான் அப்பாவோடு தொலைபேசியில் பேசியதைக் கேட்டுவிட்டு, "ஏல, நீ நம்ம ஊரா?" என்று அவர் கத்திய கத்தலில் பக்கத்து அறையில் எதுவோ கீழே விழுந்து உடைந்தது.

எங்கள் தலைவரை டாக்டர் சாப் என்றுதான் அழைப்போம். உத்தரப் பிரதேசத்துக்காரர். வெங்காயம்கூடச் சாப்பிடாதவர். எண்ணுவதில் அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு தகட்டிலும் பத்து செல்களை எண்ண வேண்டும். இரண்டு பேர், ஒருவருக்கொருவர் சொல்லாமல், தனித்தனியாக எண்ணி, சீட்டில் எழுதி மடித்து ஒரு பழைய போர்ன்விட்டா டப்பாவில் போட வேண்டும். சனிக்கிழமை மதியம் அவர் டப்பாவைக் கவிழ்த்துச் சீட்டுகளைப் பிரிப்பார். தேர்தல் முடிவுபோல இருக்கும். அக்கா மூன்று நான்கு செல்லிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, மீனு மாறிருமா?" என்பார். நான் பத்தும் எண்ணுவேன். சில நாள் சந்தேகத்துக்குப் பதினொன்று.

எண்ணி முடித்த செல்லைப் படமெடுத்து, பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு குரோமோசோமையும் கத்தரிக்கோலால் வெட்டி, ஜோடி சேர்த்து அட்டையில் பசை போட்டு ஒட்டுவோம். ஆராய்ச்சிக்கூடம் அந்த நேரத்தில் பாலர் பள்ளி மாதிரி இருக்கும். ஒரு தடவை முப்பத்தொன்றுதான் இருந்தது. மேசைக்கடியில் தவழ்ந்து தேடினேன். மாலையில் வீட்டில் அம்மா என் சட்டையைத் துவைக்கப் போடும்போது முழங்கையில் ஒட்டியிருந்ததை உரித்து எடுத்தாள். "என்னடா இது, அரிசிப் பூச்சி மாதிரி?"

அந்த ஆண்டு என் வேலையைத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஏப்ரலில் ஒரு குழு வருவதாக இருந்தது. அதே ஆண்டு ஜூனில் அப்பாவுக்கு ஓய்வு. மத்திய அரசில் தலைமை எழுத்தராக இருந்தவர். ஓய்வு பெற்றால் மோதி பாக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எனக்கு வேலை இருந்தால் தில்லியில் எங்காவது வாடகைக்குப் போகலாம். இல்லையென்றால் திருநெல்வேலிக்கு ரயில். அங்கே எங்களுக்கு வீடு கிடையாது. சித்தப்பா வீட்டுப் பின்கட்டுதான் உண்டு. அம்மா ஒவ்வொரு மாலையும் கதவைத் திறந்தவுடன் என் முகத்தைப் பார்ப்பாள். கேட்க மாட்டாள்.

மார்ச் மாதம் அக்கா தன் தங்கையின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். மீன் வெட்டும் வேலை என் தலையில். யமுனைக்கு அக்கரையில் அப்போது வயலும் சதுப்புமாகக் கிடந்தது. நான் இன்று மூன்றாம் மாடியில் குடியிருப்பது ஏறக்குறைய அதன் மேல்தான். அங்கே மீன் பிடிக்கும் ஒருவர் வாரா வாரம் தகர டின்னில் குரவை கொண்டுவந்து கொடுப்பார். நான் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வெட்டுவேன். வெட்டிய மீனின் உடலுக்கு எண் கட்டி, அழுகாமல் காக்கும் ஃபார்மலின் ஜாடியில் போட வேண்டும் என்பது விதி. போட்டேன்.

இருபத்தேழாம் எண் மீனில் நாற்பது இருந்தது.

முதல் செல்லில் நாற்பது. எண்ணியது தப்பு என்று நினைத்தேன். இரண்டாவதிலும் நாற்பது. பத்திலும் நாற்பது. பயந்துபோய் இன்னொரு பத்து எண்ணினேன். அதுவும் நாற்பது. உலகம் முழுக்க முப்பத்திரண்டு என்று எழுதி வைத்திருக்கும் மீனில் எட்டு கூடுதல்! அன்று நான் மதியச் சாப்பாட்டை மறந்தேன். அது என் வாழ்க்கையில் மொத்தம் இரண்டு தடவைதான் நடந்திருக்கிறது.

அக்கா ஊரிலிருந்து திரும்பியதும் ஒன்றும் சொல்லாமல் அந்தத் தகட்டை அவர் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சனிக்கிழமை டப்பா கவிழ்ந்தது. என் சீட்டில் நாற்பது. டாக்டர் சாப் அக்காவின் சீட்டைப் பிரித்தார். நாற்பது.

"சாலீஸ்?" என்றார். "பக்கா?"

"பக்கா, சார்."

அவர் எழுந்து என் கையைக் குலுக்கினார். குழுவின் முன் இதைத்தான் வைக்க வேண்டும், புதுக் கண்டுபிடிப்பு, இனி உன் வேலையை யாரும் தொட முடியாது என்றார். தட்டச்சுக்காரரிடம் அறிக்கையின் தலைப்பு போய்விட்டது. நான் வீட்டில் சொன்னேன். அப்பா மோதி பாக் முழுக்கச் சொன்னார். அம்மா கேசரி கிளறினாள். எதிர் குவார்ட்டர்ஸ் மாமி கேசரியை வாங்கிக்கொண்டு, "உங்க பையன் மீனுக்கு எட்டு கூட்டிட்டானாமே, அதுக்கு வலிக்காதோ?" என்று கேட்டார்.

குழு வருவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது, பதிவேட்டுக்கு நீளம் அளப்பதற்காக அக்கா ஜாடியிலிருந்து இருபத்தேழாம் எண்ணை எடுத்துத் தட்டில் வைத்தார். நான் முக்காலியில் இருந்தேன். கீழே ஒரு மாதிரியான சத்தம். அழுகிறாரோ என்று பயந்து இறங்கினேன். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏல, இது என்னது?"

"குரவைக்கா."

"குரவையா? கண்ணத் தொறந்து பாருல. புள்ளி எங்க இருக்கு? இது வெராலு! வெராக் குஞ்சு! எங்க வீட்டுல மூணு வயசுப் புள்ள சொல்லும்." மறுபடி சிரிப்பு. "வெராலுக்கு நாப்பது இல்லாம பின்ன எத்தன இருக்கும்? சைவக்காரன் கையில மீனக் குடுத்தா இப்படித்தான்!"

என் காதுக்குள் கூலர் மட்டும் ஓடியது. விராலுக்கு நாற்பது என்பது எனக்கும் மனப்பாடம். புத்தகத்தில் படித்திருந்தேன். விராலின் குரோமோசோம் எந்த வடிவம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். விரால் எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாது. ஒரே குடும்பத்து மீன்கள், சின்ன வயதில் ஒரே உயரம். டின்னில் ஒன்று கலந்து வந்துவிட்டது. இத்தனை மாதம் மீனின் உள்ளே இருப்பதை எண்ணிக்கொண்டிருந்தவன், வெளியே இருந்ததை ஒரு தடவை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

என் முகத்தைப் பார்த்ததும் அக்காவின் சிரிப்பு நின்றது. "அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"மோதி பாக் பூராத்துக்கும் தெரியும்க்கா. கேசரி குடுத்தாச்சு."

"சேசுவே" என்றார் அக்கா.

டாக்டர் சாப் அறைக்கு இரண்டு பேரும் போனோம். வாசலிலிருந்து அவர் மேசைக்கு ஒன்பது அடி. நான் சொல்லி முடித்தேன். அவர் மீனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றினார். "மத்லப், ஹம் தோனோ கோ மச்லி கா குச் பதா நஹி" என்றார். நம் இருவருக்குமே மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. குழுவுக்கு என்ன காட்டுவது? ஒன்றும் இல்லை. வேலை போனது என்று அவர் சொல்லவில்லை. தட்டச்சு செய்த தாளை இரண்டாக மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

அக்காதான் பேசினார். "சார், இவனுக்கு வெரால் தெரியாது. ஆனா எண்ணினது தப்பில்லயே! மீனப் பாக்காமலே வெரால வெராலுன்னு சொல்லியிருக்கான். குஞ்சு வாங்கிக் குளத்துல விடுறவங்க பாதி நேரம் எதுன்னு தெரியாமத்தான் வாங்குறாங்க. இவன் எண்ணிச் சொல்லுவான். அதச் செஞ்சு காட்டட்டும், சார்." இந்தியும் ஆங்கிலமும் கலந்து அவர் சொன்னதை நான் நம்ம பேச்சில் தருகிறேன்.

ஏற்பாடு இதுதான். அக்கா தானே மீன் வாங்கி, நான் இல்லாதபோது வெட்டி, நான்கு சோதனைக் குழாய்களில் செல்களை எடுத்து வைப்பார். எதில் என்ன மீன் என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டி டாக்டர் சாப்பிடம் கொடுத்துவிடுவார். நான் குழுவின் முன்னால் எண்ணிச் சொல்ல வேண்டும். நான்கும் சரியாக இருந்தால் ஒரு வாய்ப்பு உண்டு.

அந்த நாள் காலையில் கூலருக்குப் பதின்மூன்று வாளி ஊற்றினேன். முக்காலியில் ஏறினேன். சொட்டு குறி தப்பவில்லை. பத்தரைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்குப் பெரிய மீசை. பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

முதல் குழாய்: பத்து செல், பத்திலும் முப்பத்திரண்டு. "குரவை" என்றேன். இரண்டாவது: நாற்பது. "விரால்." மூன்றாவது: மறுபடி நாற்பது. "இதுவும் விரால்." அக்கா சுவரோடு நின்றிருந்தார். அவர் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

நான்காவது. முதல் செல், முப்பத்திரண்டு. இரண்டாவது, முப்பத்திரண்டு. மூன்றும் நான்கும் அப்படியே. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னேன். மணி ஒன்று. மீசைக்காரர், "ஹோ கயா நா? முடிஞ்சுதுல்ல, குரவைதான். டீ குடிக்கலாம்" என்றார். டாக்டர் சாப்பும் எழுந்துவிட்டார்.

"சார், பத்து எண்ணணும்" என்றேன். ஐந்தாவது, முப்பத்திரண்டு. மூன்று நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம். ஆறாவது செல் நன்றாகப் பரவியிருந்தது, பூக்கோலம் மாதிரி. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறை எண்ணினேன். நாற்பது. ஏழாவது, முப்பத்திரண்டு. எட்டு, நாற்பது. ஒன்பது, நாற்பது. பத்து, முப்பத்திரண்டு.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்காமல் கூலரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை குழாயைச் சரியாகக் கழுவவில்லையோ? என் சொட்டுக்குழாயில் பழையது ஒட்டியிருந்ததோ? ஆறிலிருந்து நான் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை; குரவை என்று சொல்லிவிட்டு டீக்குப் போயிருக்கலாம். சொன்னால் பத்தில் ஏழு செல்லுக்கு அது சரிதானே என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"சார், இதுல ரெண்டு மீன் இருக்கு" என்றேன். "ஒண்ணு குரவை. ஒண்ணு விரால். கலந்திருக்கு."

டாக்டர் சாப் உறையைக் கிழித்தார். படித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். தாளை மீசைக்காரரிடம் நீட்டினார். நான்காவது எண்ணுக்கு எதிரே அக்காவின் சாய்ந்த கையெழுத்தில், இரண்டும் சரிபாதி கலந்தது என்று எழுதியிருந்தது. மீசைக்காரர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவில் நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்க்கா இப்படி? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அஞ்சோட நிறுத்தியிருந்தா என் கதி?"

"நீ நிறுத்துவியால?" என்றார் அக்கா. "வேற எவன் எண்ணினாலும் கலந்திருக்க மாட்டேன். எல்லாரும் மூணோட எந்திரிச்சுப் போயிருவான். நீ பத்தும் எண்ணுவேன்னு தெரியும். அவங்களுக்கும் தெரியட்டும்னுதான்." பிறகு என் தோளில் ஒரு அடி. "ஆறாவத நீ மூணு தடவ எண்ணுற வரைக்கும் என் உசிரே இல்லடே!"

அன்று வீட்டுக் கதவை அம்மா திறந்தாள். முகத்தைப் பார்த்தாள். நான் சொல்வதற்கு முன்பே உள்ளே திரும்பி, "ஏங்க, நாம இங்கனதான் இருக்கப் போறோம்" என்றாள். அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு, கரோல் பாகில் வாடகை என்ன என்று விசாரிக்கக் கிளம்பிவிட்டார். அந்த வேலையில் நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தேன். குளம் வெட்டிய பலர் குஞ்சுகளைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் எண்ணிச் சொன்னோம்.

இப்போது யாரும் எண்ணுவதில்லை. மீன் துடுப்பில் நகக்கண் அளவு வெட்டி டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினால் பெயர் அச்சாகி வந்துவிடுகிறது. நல்லதுதான், மீனையும் கொல்ல வேண்டாம். ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். நாங்கள் படம் அச்சிட்ட இருட்டறை, தாள்கள் அடுக்கும் அறையாகிவிட்டது. குளிர்சாதனம் வந்ததும் கூலர் இருந்த ஜன்னலை அடைத்துவிட்டார்கள். அங்கிருந்த இளம் பெண் மிகுந்த மரியாதையோடு கணினித் திரையைக் காட்டினாள். பழைய தகடு ஒன்றை அதில் வைத்தார்களாம். இரண்டு விநாடியில் முப்பத்திரண்டு என்று வந்ததாம். நான் குனிந்து திரையிலேயே எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அடுத்த செல்லைக் காட்டச் சொன்னேன். "எதுக்கு அங்க்கிள்? ஒண்ணு போதும்" என்றாள்.

பிலோமினா அக்கா போய்ச் சேர்ந்து ஏழு ஆண்டு ஆகிறது. நான் பத்தும் எண்ணுவேன் என்று நம்பி, என் பிழைப்பையே ஒரு குழாயில் கலந்து வைத்துவிட்டு, சுவரோடு சாய்ந்து கூலரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் இப்போது இந்த ஊரில் இல்லை.